எவருடைய பாதையில் எவருடைய விளையாட்டு?

மார்கழி விடுமுறை நெருங்கும்போது எமது விடுதிகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய பேச்சு எழுகின்றது. நண்பர்கள் ஐவர் அறுவர் கூடிப் பணத்தைப் பங்கிடுவது, நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வண்டியொன்றை வாடகைக்கு எடுப்பது, தார் போட்ட வீதியை விட்டு விலகி மலைக்குள் இறங்குவது, சேற்றிலே புரண்டு திரும்பிப் படங்களைப் பரப்புவது என்பதாக அப்பேச்சு அமையும். இதற்கு ‘ஓஃப் றோட்’ என்று பெயர். சாகசம் என்றும் இயற்கையை நேசித்தல் என்றும் இதற்கு விளக்கம் கூறுவோர் உளர். இவ்விளக்கங்கள் எவ்வளவு தூரம் உண்மையானவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நானும் போனவன்தான்.

2024 டிசெம்பரில் கடுகண்ணாவையில் உள்ள நண்பரொருவரின் வீட்டில் நாம் ஒன்பது பேர் கூடினோம். இரண்டு ஜீப்புகள். பேராதனையைக் கடந்து கம்பளைக்கு அப்பால், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு தேயிலைத் தோட்டத்தின் வழியாக மலையுச்சிக்கு ஏறுவது திட்டம். மூன்று நாட்களாக மழை பெய்து ஓய்ந்திருந்தது. தோட்டத்தின் மேற்பிரிவுக்குச் செல்லும் மண்பாதையில் முதல் ஜீப் புதைந்தது. அதை இழுக்கப் போன இரண்டாவதும் புதைந்தது. ஒரு மணி நேரம் சில்லுகள் சுழன்றன; சேறு பறந்தது; நாம் ஆரவாரித்தோம். மீண்டு வெளியேறியபோது பாதையின் நடுவே முழங்கால் ஆழத்தில் இரண்டு பள்ளங்கள் கிடந்தன. ஓரத்திலே கட்டியிருந்த கல்லணையின் ஒரு பகுதியும் சரிந்திருந்தது.

கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நின்ற முதிய பெண்ணொருவர் எம்மைத் திட்டவில்லை. “தம்பிமாரே, நீங்க வெளையாடிட்டுப் போயிருவீங்க. விடிஞ்சா இதுலதான் நாங்க கொழுந்தைத் தூக்கிட்டு எறங்கணும். போன மாசம் மருமகளைக் கம்பளியில தொட்டில் கட்டி இதுலதான் தூக்கிட்டுப் போனோம், புள்ளப்பேத்துக்கு” என்றார். எம்மில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபா எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு, பள்ளத்தின் ஓரமாகக் கால்வைத்து இறங்கிப் போனார். அவ்வாண்டு செப்தெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அன்று இரண்டு ஜீப்புகளுக்கும் நாம் ஊற்றிய டீசலின் விலை, அப்பெண்ணின் அரைமாதச் சம்பளத்திலும் கூடியது.

‘ஓஃப் றோட்’ என்ற சொல்லே ஒரு பொய் என்பதை அன்று உணர்ந்தேன். பாதை இல்லாத இடம் என்று நாம் கொண்டாடும் இடம் இன்னொருவரின் ஒரே பாதையாக இருக்கிறது. பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் நோயாளியும் பிரேதமும் அதன் வழியேதான் செல்ல வேண்டும். எமக்கு ஒருநாட் சாகசமாவது அவர்களுக்கு ஆயுட்காலத் தண்டனை. அவர்களுடைய வசதியின்மையையே நாம் எமது பொழுதுபோக்கின் மூலப்பொருளாக்கிக் கொள்கிறோம். அப்பாதைக்குக் கொங்கிறீற் இட்டிருந்தால் நாம் அங்கே போயிருக்கவே மாட்டோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனைப் புரிந்துகொள்ள வரலாற்றைச் சற்று நோக்குதல் அவசியம். அதற்குக் கடுகண்ணாவையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. அதனைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வீதி தேவைப்பட்டது. எட்வேட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில் கொழும்பு - கண்டி வீதி கடுகண்ணாவைக் கணவாயூடாக அமைக்கப்பட்டது. வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் வீதியோரத்தில் நிற்கிறது. பாறையைக் குடைந்தவர்கள், மரம் வெட்டியவர்கள், இராசகாரியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள் ஆகியோருக்குக் கோபுரம் இல்லை. 1867 இல் இதே கணவாயின் வழியே கண்டிக்கு இரயில் வந்தது. அதன் தண்டவாளத்தின் கீழும் உழைப்பாளிகளின் பெயரற்ற உடல்கள் உள. 2014 இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைக் காணலாம். அவற்றுக்கு வழி வெட்டிய கைகளைக் காண முடியாது.

வீதி வந்ததும் கோப்பி வந்தது. கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்ததும், எமது பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ள கன்னொறுவையில் பார்ன்ஸ் தாமே கோப்பி பயிரிட்டதும் 1820களில் ஆகும். கோப்பி பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

தமிழ் மாணவராகிய நாம் பாலை என்ற சொல்லை நன்கு அறிவோம். தொல்காப்பியர் அதற்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டபோது பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதன் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போனவன் கடக்க வேண்டிய வழி அது. உல்லாசத்திற்காக எவரும் அவ்வழி சென்றதாக எமது இலக்கியம் கூறவில்லை. மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட அந்த வழியே ஈழத்துத் தமிழ் வரலாற்றின் பாலை. 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு இருநூறாண்டு நினைவாக நடைபவனி இடம்பெற்றது. அதில் ஒரு நாளேனும் சேர்ந்து நடக்க எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜீப்பில் ஏற ஓய்வு கிடைத்தது. இம்முரண்பாட்டை மறைத்துவிட்டுப் பிறரைக் குறைகூற நான் விரும்பவில்லை.

நாம் ஏறிச் சென்ற வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜீப் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. அதனைப் பார்த்து, விவசாயியின் வேலைக்கென உருவாக்கப்பட்ட லான்ட் ரோவர் 1948 இல் வெளிவந்தது. அதே 1948 இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மலையை உருவாக்கியவனுக்கு மலையில் உரிமை மறுக்கப்பட்டது; மலையில் ஓடும் வண்டி துரைமாரின் பங்களாக்களுக்கு வந்து சேர்ந்தது. அவ்வண்டியின் ஆசனத்தில் இன்று துரைமாரின் இடத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம். கற்றவன் மாறாவிட்டால், ஆசனத்தில் இருப்பவரின் நிறம் மாறுவதனால் பயன் யாது?

இனி மண்ணைப் பற்றிய கேள்வி. வண்டியால் ஒரு மலை கெடுமா என்று எள்ளுவோர் உளர். அரபு நாடுகளின் மணற்குன்றுகளில் குளிர்காலத்தில் ஜீப் ஓட்டும் காட்சிகளே கைத்தொலைபேசி வழியாக எமக்கு இந்த ஆசையை ஊட்டின. அங்கே மணலின் மேல் விழுந்த தடத்தைக் காற்று மூடிவிடும். இங்கே மலைச்சரிவில் விழுந்த தடத்தை மழை ஆழமாக்கும். தோட்டத்தில் ‘கான்வெட்டு’ என்றொரு வேலை இருப்பதை மலையக நண்பர்கள் அறிவர். சரிவுக்குக் குறுக்கே கான்களை வெட்டி, மழைநீரின் வேகத்தைத் தணித்து, மண்ணைக் காப்பது அதன் நோக்கம். ஜீப்பின் சில்லு இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. அது சரிவின் போக்கிலேயே இரண்டு கான்களை வெட்டிவிடுகிறது. இறுகிய தடத்தினுள் நீர் ஊறாது, வேகங்கொண்டு ஓடி மண்ணை அரிக்கிறது. ஒரு தொழிலாளி பல நாள் வெட்டிய கானை ஒரு மணி நேரக் களிப்பு மூடிவிடும்.

2025 நவெம்பர் 22 ஆம் நாள் பஹல கடுகண்ணாவையில் மண்மேடும் பாறையும் சரிந்து வீதியோரக் கடையொன்றின் மீது வீழ்ந்தன. அறுவர் மாண்டனர். அடுத்த வாரம் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டம் பேரிழப்பைக் கண்டது. உல்லாச வண்டிகளே இச்சரிவுகளுக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அறிவியலுக்கும் நேர்மைக்கும் ஒவ்வாது. ஆனால் எந்நேரமும் சரியக்கூடிய மலையிலே, சரிந்தால் ஓடித் தப்ப ஒரே பாதை உள்ள மக்களின் பாதையை உழுது விளையாடலாமா என்பதே எனது கேள்வி.

எதிர்வாதங்கள் சிலவற்றை நோக்குவோம். இளைஞருக்கு ஓய்வும் களிப்பும் வேண்டாமா என்பது முதலாவது. நிச்சயமாக வேண்டும். ஹந்தானையின் அடிவாரத்திலேயே எமது பல்கலைக்கழகம் இருக்கிறது. நடக்கக் கால்கள் உள்ளன. நடப்பவன் எதிரே வருபவருடன் பேசுவான். ஜீப்பில் போகிறவனுக்கு அவர் ஒதுங்க வேண்டிய ஓர் உருவம் மட்டுமே.

இயற்கையை அறியவே செல்கிறோம் என்பது இரண்டாவது வாதம். ஹந்தானை 2010 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடர் அதே ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. சட்டம் இருந்தும் என்ன நிகழ்கிறது? 2022 ஒக்ரோபரில் யால தேசியப் பூங்காவினுள் ஜீப்புகள் கூட்டமாகப் பாய்ந்தோடிய காணொளி நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியதை மறந்துவிட முடியாது. அறிய விரும்புகிறவன் இயந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டு போவதில்லை.

சுற்றுலாவால் கிராமத்துக்கு வருமானம் உண்டு என்பது மூன்றாவது. வாடகை வண்டிக்காரருக்கும் தங்கு விடுதிக்கும் வருமானம் உண்டு. பாதையைத் திருத்த மண்வெட்டியோடு வரும் லயன் மக்களுக்கு அதில் என்ன பங்கு?

அனர்த்த காலத்தில் இவ்வண்டிகளே உதவும் என்பது நான்காவது. இதனை நான் மறுக்கமாட்டேன். வீதி அறுந்த ஊருக்கு அரிசியும் மருந்தும் ஏற்றிச் செல்லும் ஜீப் வணங்கத்தக்கது. இவ்வாதம் எனது கருத்துக்கு அரணாகவே அமைகிறது. வண்டி குற்றவாளியல்ல, அது எதற்காக, எவருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி.

எனவே எமது சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தோட்டப் பாதைகளையும் பாதுகாக்கப்பட்ட மலைகளையும் வண்டி விளையாட்டுக்குப் பயன்படுத்துவதில்லை என்று நாம் தீர்மானிப்போமாக. விடுமுறையில் இரு நாட்களை ஒதுக்கி, ஒரு தோட்டத்து மக்கள் விரும்பி அழைத்தால், அவர்களுடைய வழிகாட்டலில் கான் வெட்டவும் பாதை செப்பனிடவும் செல்வோமாக. அவர்களுடைய பாதை பிரதேச சபையின் பொறுப்பா தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பா என்று பந்தாடப்படும் நிலையை எதிர்த்து, எமது எழுத்தையும் குரலையும் பயன்படுத்துவோமாக.

நாம் வெட்டிவிட்டு வந்த அந்தப் பள்ளங்களை யார் மூடினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து, நண்பர் ஒருவருடன் பஸ்ஸில் சென்று, எஞ்சிய தூரத்தை நடந்து போய்ப் பார்த்தேன். கற்களை அடுக்கி மண் நிரப்பியிருந்தார்கள். சரிந்த கல்லணையும் மீண்டும் எழுந்திருந்தது. வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில், சம்பளமின்றி, அந்த லயன் மக்களே செய்தார்களாம். இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது என்று எமது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எமது களிப்புக்காக அதனை மீண்டும் அவர்கள் தலையில் சுமத்த எமக்கு எவர் உரிமை தந்தார்?