ஊசி மழுங்கியதை யார் சொல்வது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவன் நான். கறை, ஓட்டை, தையல் விட்டது, அளவு மாறியது என்று பீஸைப் பிரித்துப் போடுவதே பிழைப்பு. மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு போர்டு இருக்கும்: ‘தரமே நமது தாரக மந்திரம்.’ ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்போம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வெறும் கோலம். படிக்கத் தெரிந்த எங்களுக்கும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒருமுறை 3,000 டி-சர்ட் பெட்டி கட்டி நின்றது. பையர் அனுப்பிய ஆள் 125 பீஸ் உருவினார். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 கணக்குப்படி 7 பீஸ் வரை குறை இருந்தால் சரக்கு பாஸ். 8 ஆனால் மொத்தமும் ஃபெயில். 11 வந்தது. எல்லாம் ஒரே குறை, தோள் தையலை ஒட்டி ஊசித் துளை. தைக்கும்போது கண்ணில் படாது. துணியை இழுத்தால் வாய் பிளக்கும்.

இரண்டு ராத்திரி கண்விழித்து அத்தனையையும் மறுபடி பார்த்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில், டைலருக்குக் கைமடிக்கிற பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னது: “நாலாவது மிஷின்ல ஊசி மழுங்கிப் போச்சுங்ணா. செவ்வாக்கெழமையே சத்தம் மாறிடுச்சு.”

“ஏம்மா, அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா டைலரக்கா மிஷினை நிறுத்தோணும். பழைய ஊசியக் குடுத்து, கையெழுத்துப் போட்டுப் புதுசு வாங்கியாரோணும். அந்த நேரத்துக்கு ஆருங்ணா பீஸ் காசு குடுப்பாங்க?”

டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்கு வருகிற ஊசி அது. குறை எங்களுக்குத் தெரியும் முன்பே அந்தப் பிள்ளையின் காதுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னால் நஷ்டம் என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் நாம். பிறகு, ‘தொழிலாளிக்கு அக்கறை இல்லை’ என்று மீட்டிங் போட்டுப் பேசுகிறோம்.

நிறுத்துவதையே ஏற்பாடாக்கியவர்களும் உண்டு. ஜப்பானில் டொயோடா சாக்கிச்சி 1924இல் கொண்டுவந்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அவர் மகன் தொடங்கிய கார் கம்பெனியில் அதே புத்தியை மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். கோளாறு கண்டவர் கயிற்றை இழுக்கலாம்; சரியாகாவிட்டால் லைனே நிற்கும். உலகமே பாடம் படிக்கிற கயிற்றின் வேர் நம் துணித் தொழிலில்தான் இருக்கிறது. 1950இல் ஜப்பானியருக்குத் தரக் கட்டுப்பாட்டு வகுப்பெடுத்த அமெரிக்கர் டெமிங், பின்னாளில் நிர்வாகிகளுக்கு 14 அறிவுரைகள் எழுதினார். பயத்தை விரட்டு, கோஷ போர்டைக் கழற்று, எண்ணிக்கை இலக்கை எடு என்பவை அதில் உண்டு. அவர் பெயரிலான பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது, 1998இல், சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. ஆகவே ‘நம்ம ஊர் ஆளுக்கு இதெல்லாம் ஒத்து வராது’ என்ற பேச்சு எடுபடாது.

அந்த ஊசி விவகாரத்துக்குப் பிறகு வேறொரு கம்பெனியில் தளப் பொறுப்பு கிடைத்தபோது முதலாளியிடம் ஒன்று கேட்டேன்: குறையைச் சொல்லி மிஷினை நிறுத்துகிறவருக்கு, நின்ற நேரத்துக்குச் சராசரிக் கூலி. “ஆளாளுக்கு நிறுத்திட்டு உக்காந்தா, கப்பலை நீங்க புடிச்சு நிறுத்துவீங்களா?” என்றார். நியாயமான பயம்தான். தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும்; லாபம் அதிலேயே பறந்துவிடும். கடைசியில், ஒரே ஒரு லைனுக்கு மட்டும் சம்மதித்தார்.

முதல் வாரம் இரண்டே பேர்தான் நிறுத்தினார்கள். மற்றவர்கள், சம்பளக் கவரில் அந்தக் காசு வருகிறதா என்று காத்திருந்தார்கள். வந்தது. அப்புறம்தான் வாய் திறந்தது. “எண்ணெய்க் கறை காலையில் முதல் பீஸ்களில்தான் வருது சார். ராத்திரி ஊசிக்கம்பி வழியா எண்ணெய் எறங்குது. போகும்போது மிஷின் கால் அடியில வேஸ்ட் துணி வெச்சுட்டு, காலையில அதுலயே கொஞ்சம் ஓட்டிட்டு ஆரம்பிக்கலாம்” என்றார் ஓவர்லாக் டைலர் ஒருவர். இன்னொரு அக்கா, தன் கை நிழல் ஊசி மேல் விழுகிறது என்றார். ட்யூப்லைட்டை ஒரு முழம் நகர்த்தினோம். இதற்கெல்லாம் எந்த நிபுணரும் வரவில்லை.

ஷீல்டு, சால்வை, போட்டோ எல்லாம் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் கூலிக் கணக்கைச் சரி செய்யுங்கள். சொன்ன யோசனைக்கு மறுநாளே பதில் சொல்லுங்கள், முடியாது என்பதாக இருந்தாலும்.

இன்று சாயங்காலம் உங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்: நேற்று மிஷினை நிறுத்தியது யார், அந்த நேரத்துக்குக் கூலி போட்டோமா? ‘ஒருத்தரும் நிறுத்தலீங்க’ என்று பதில் வந்தால், பேக்கிங்கில் ஒட்டி வைத்த பெட்டி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்.