அமைச்சர் மாறினார், சரி. பொறுப்பு எங்கே போனது?

ஒவ்வொரு முறை அமைச்சரவை மாறும்போதும் கண்டியில் ஒரே கேள்விதான். கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் நின்றாலும் கேட்கும், அக்குறணையில் நின்றாலும் கேட்கும், தோட்டத்துக்குப் போனாலும் கேட்கும்: "நம்மாளு யாராவது உள்ள இருக்காங்களா?" இருந்தால் பட்டாசு. இல்லாட்டி ரெண்டு நாள் பேஸ்புக் பதிவு. அதோட முடிஞ்சுது.

இந்தக் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம். இனி கேட்கப் போவதில்லை, அல்லது அதை முதல் கேள்வியாக வைக்கப் போவதில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இலங்கையின் அரசியலமைப்பு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஜனாதிபதி எந்த நேரத்திலும் அமைச்சர்களின் விடயதானங்களை மாற்றலாம், அமைச்சரவையின் ஆட்களையே மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றுவதால் அமைச்சரவையின் தொடர்ச்சியோ, பாராளுமன்றத்துக்கு அது பொறுப்புக்கூற வேண்டிய தொடர்ச்சியோ அறுந்து போகாது. முதல் பாதியை எல்லா ஆட்சியும் மனப்பாடம் செய்து வைத்திருக்கு. இரண்டாம் பாதியை யாரும் வாசித்த மாதிரியே தெரியவில்லை. இங்கே அமைச்சரவை மாற்றம் என்றால் பழைய கணக்கைக் கிழித்துப் போடுவது என்றுதான் அர்த்தம்.

திகனயை எடுத்துப் பாருங்கள்.

2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் அரசாங்கம் மண் கவ்வியது. அந்தத் தோல்விக்கு மருந்தாக பெப்ரவரி 25 இல் அமைச்சரவையை மாற்றினார்கள். சட்டம் ஒழுங்கு அமைச்சு சாகல ரத்நாயக்கவிடம் இருந்து பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் கைக்குப் போனது. எட்டாவது நாள், மார்ச் 5 ஆம் திகதி, திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்து கிடந்தார். ஊரடங்கு போட்ட பிறகும் கலவரம் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பரவியது. மார்ச் 6 அவசரகால நிலை. மார்ச் 7 சமூக வலைத்தளங்கள் முடக்கம். மார்ச் 8 இல் புதிய சட்டம் ஒழுங்கு அமைச்சராக ரஞ்சித் மத்தும பண்டார பதவிப்பிரமாணம் செய்தார்.

இரண்டு கிழமைக்குள் ஒரே அமைச்சுக்கு மூன்று அமைச்சர்கள். இப்ப சொல்லுங்க, திகன எரிந்ததற்குப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் யார்? பெப்ரவரி 25 வரைக்கும் பொலிஸைப் பார்த்துக்கொண்டவரா? எரியும்போது நாற்காலியில் இருந்தவரா? எரிந்து முடியும்போது வந்தவரா? ஒருத்தர் "நான் முன்னாடியே போயிட்டேன்" என்பார், இன்னொருத்தர் "நான் இப்பதான் வந்தேன்" என்பார். இரண்டுமே உண்மை. அதனால்தான் இந்த வித்தை இவ்வளவு நல்லா வேலை செய்யுது.

கதை அதோடு நிற்கவில்லை. 2018 ஒக்டோபர் 26 அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பொலிஸ் திணைக்களம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் கீழ் போனது. ஒரு வருஷத்துக்குள் நாலாவது கை. அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது, 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கவில்லை என்பதற்காக 2023 ஜனவரி 12 இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அமைச்சரவையும் பாராளுமன்றமும் தொலைத்த பொறுப்பை நீதிமன்றம் கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தது. அதுவும் செத்தவர்களின் குடும்பங்கள் அடிப்படை உரிமை வழக்குப் போட்டு நின்றதால்தான்.

அடுத்த காட்சியும் கண்டியில்தான். 2019 மே 31 இல் அத்துரலியே ரத்ன தேரர் தலதா மாளிகைக்கு முன்னால் உண்ணாவிரதம் தொடங்கினார். அமைச்சர் ரிஷாட் பதியுதீனும், ஆளுநர்கள் ஹிஸ்புல்லாஹ்வும் அசாத் சாலியும் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை. ஞானசார தேரர் ஜூன் 3 பகல் வரைக்கும் கெடு வைத்தார். அன்றைக்கு கண்டி நகரத்தில் கடைகள் மூடின, கூட்டம் கூடியது. இரண்டு ஆளுநர்களும் விலகினார்கள். பிறகு அமைச்சர்கள், இராஜாங்க அமைச்சர்கள், பிரதியமைச்சர் என்று முஸ்லிம்கள் ஒன்பது பேர் ஒன்றாக விலகினார்கள். அவர்களில் ரவூப் ஹக்கீமும் எம்.எச்.ஏ. ஹலீமும் இதே கண்டி மாவட்டம் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள்.

ஒரு அமைச்சர் மீது குற்றச்சாட்டு இருந்தால் விசாரிக்க வேணும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது விசாரணையா? தண்ணீர் விநியோகத்துக்கும் தபாலுக்கும் பொறுப்பானவர்கள் அந்த வேலையில் செய்த தவறுக்காக விலகவில்லை. வீதியில் நின்ற கூட்டம் தங்கள் சமூகத்தின் மேல் பாயக்கூடாது என்று விலகினார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் பலர் அதே நாற்காலிகளுக்குத் திரும்பி வந்தார்கள். போனபோதும் மக்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை, வந்தபோதும் சொல்லவில்லை. நாற்காலி சமூகத்தின் பெயரில் கொடுக்கப்பட்டால், அடியும் சமூகத்தின் பெயரிலேயே விழும். "நம்மாளு" என்ற கேள்வியின் மறுபக்கம் இதுதான்.

இது இலங்கைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானிடம் நட்டஈடு கேட்க வேண்டாம் என்று பேசினார் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. அந்த ஜப்பானில் 1955 இல் தொடங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சி 38 வருஷம் விடாமல் ஆண்டது. கட்சிக்குள்ளே பல கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் இத்தனை நாற்காலி என்று பங்கு. எத்தனை தடவை தேர்தலில் வென்றார் என்று பார்த்து வரிசைப்படி அமைச்சர் பதவி. பங்கு கொடுப்பதற்காகவே அடிக்கடி அமைச்சரவையை மாற்றினார்கள். பல அமைச்சர்கள் ஒரு வருஷம் இருந்தாலே பெரிய விஷயம். 1964 முதல் 1972 வரை பிரதமராக இருந்த எய்சாகு சாட்டோ, ஆட்களை நகர்த்துவதில் கெட்டிக்காரர் என்றே பெயர் எடுத்தவர். அங்கே அமைச்சர் போனாலும் பலம் வாய்ந்த அதிகாரிகள் இருந்து வேலையை ஓட்டினார்கள். ஆனால் மக்களுக்கு முகம் காட்டிப் பதில் சொல்ல ஆள் இல்லை என்ற குறை அங்கேயும் இருந்தது. ஜே.ஆர். 1978 இல் எழுதிய அரசியலமைப்பு இங்கே ஒரே ஆளின் கையில் சீட்டுக்கட்டைக் கொடுத்தது. 2007 இல் மஹிந்த ராஜபக்ஷ எதிர்க்கட்சிக்காரர்களை இழுத்துக்கொண்டபோது எல்லா வகை அமைச்சர்களையும் சேர்த்தால் நூறைத் தாண்டியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 என்று எல்லை போட்டது. "தேசிய அரசாங்கம்" என்ற ஓட்டை வழியாக அதே வருஷம் அதே ஆட்சி அந்த எல்லையைத் தாண்டியது.

இப்ப மலையகத்துக்கு வருவோம். லயத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித்தர வேண்டிய அமைச்சுக்கு 2015 முதல் 2024 வரை எத்தனை பெயர்ப்பலகை என்று எண்ணிப் பாருங்கள். பழனி திகாம்பரம் இருந்தபோது மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சு. 2019 நவம்பரில் ஆறுமுகன் தொண்டமான் வந்தபோது சமூக வலுவூட்டல், தோட்ட உட்கட்டமைப்பு. அவர் 2020 மே மாதம் காலமானார். அந்த ஆகஸ்டில் அது ஜீவன் தொண்டமானின் இராஜாங்க அமைச்சாகக் குறைந்தது. 2023 ஜனவரியில் நீர் வழங்கலோடு சேர்ந்து மறுபடி அமைச்சானது. 2024 நவம்பரில் பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்பு அமைச்சு. அமைச்சர் சமந்த வித்யாரத்ன, பிரதியமைச்சர் சுந்தரலிங்கம் பிரதீப். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதன் முதல் கட்டத்துக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். இடையில் வந்த அமைச்சர்களில் ஒருவராவது "எனக்கு முன்னால் இருந்தவர் இவ்வளவு வாக்குறுதி வெச்சிட்டுப் போனார், இவ்வளவு முடிஞ்சுது, இவ்வளவு பாக்கி" என்று கணக்குக் காட்டி நாங்கள் பார்க்கவில்லை. ஒருவர் 7 பேர்ச்சஸ் என்றார், அடுத்தவர் 10 பேர்ச்சஸ் என்றார். பலகை மாறினால் பேர்ச்சஸும் மாறும்.

இப்போதைய அரசாங்கம் ஜனாதிபதியையும் சேர்த்து 22 பேரோடு சின்ன அமைச்சரவை அமைத்தது. நல்லது. வரவேற்கிறோம். முஸ்லிம் ஒருவர்கூட அதில் இல்லை என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கு. ஆனால் சின்ன அமைச்சரவை என்பதால் பொறுப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. 2025 ஒக்டோபர் 10 இல் இவர்களும் மாற்றினார்கள். துறைமுகம் பிமல் ரத்நாயக்கவிடம் இருந்து அநுர கருணாதிலகவுக்குப் போனது, வீடமைப்பு சுசில் ரணசிங்கவுக்குப் போனது. ஏழு கிழமையில் டித்வா புயல் வந்தது. அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் கண்டி முன்னால் நிற்கிறது. மலை சரிந்த இடத்துக்கு இனித் திரும்பிப் போக முடியாது, பாதுகாப்பான காணி வேணும் என்று தோட்டத்து ஜனங்கள் கேட்கிறார்கள். அந்தக் காணிக்கு யார் பொறுப்பு? காணி விடயம் கண்டி மாவட்டத்தில் வென்ற கே.டி. லால்காந்தவின் அமைச்சில் இருக்கு. வீடமைப்பு சுசில் ரணசிங்கவிடம். தோட்ட வீடு சமந்த வித்யாரத்னவிடம். கண்டி, மாத்தளைப் பக்கம் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன் என்று பல தோட்டங்களில் அரசாங்கமேதான் துரை. கம்பனிக்காரன் மறுக்கிறான் என்ற சாக்கு இங்கே செல்லாது. ஆனாலும் ஒரு லயக் காம்பராவில் இருந்து வெளியே வர மூன்று அமைச்சின் கதவைத் தட்ட வேண்டியிருக்கு. அதில் ஒரு கதவுக்குப் பின்னால் ஆள் இப்பதான் மாறியிருக்கார்.

"அப்போ உள்ளே நம்மாளு தேவையே இல்லையா?" என்று கேட்பீர்கள். தேவை. ஆனால் நாற்காலி மட்டும் என்ன செய்யும் என்பதற்கு வரலாறு இருக்கு. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியும் அதில் ஒன்று. அடுத்த வருஷம் குடியுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கியபோது, டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சி. சிற்றம்பலமும் சி. சுந்தரலிங்கமும் அமைச்சர்கள். தமிழர் உள்ளே இருக்கும்போதேதான் அது நடந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1978 இல் எஸ். தொண்டமான் அமைச்சரானார். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கினார்கள். 1988 இல் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. அந்த நாற்காலிக்குக் கனம் இருந்ததற்குக் காரணம் கொழுந்து பறிக்காமல் நின்ற கைகள். கீழே ஆள் திரண்டு நின்றால் மேலே இருப்பவர் பேசுவார். கீழே பட்டாசு மட்டும் வெடித்தால் மேலே இருப்பவர் போட்டோவுக்கு நிற்பார்.

அதனால் எங்கள் கோரிக்கை மூன்று. ஒன்று, அமைச்சு கைமாறும் ஒவ்வொரு முறையும், போகிறவர் முடிக்காத வேலைகளின் பட்டியலைப் பாராளுமன்றத்தில் வைத்துவிட்டுப் போக வேணும். வருகிறவர் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட வேணும். இரண்டு, தோட்டத்துக் குடும்பத்தின் காணிக்கும் வீட்டுக்கும் ஒரே அமைச்சர் பொறுப்பு என்று வர்த்தமானியில் வரட்டும். மூன்று, எந்த அமைச்சரையும் நீக்குவதோ வைப்பதோ எந்த வழிபாட்டுத் தலத்து வாசலிலும் கூடும் கூட்டத்தின் வேலை இல்லை என்பதை எல்லாக் கட்சியும் வாய்திறந்து சொல்லட்டும்.

அவர்கள் செய்யும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்ம கையில் இருக்கு. உங்கள் தோட்டத்துக்கு, உங்கள் கிராம சேவகர் பிரிவுக்கு எத்தனை வீடு சொன்னார்கள், எத்தனை கட்டினார்கள் என்று தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கேளுங்கள். திகனயில் எரிந்த கடைக்கு எவ்வளவு நட்டஈடு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கொடுத்து முடிந்தது என்று கேளுங்கள். பதிலை வெளியே போடுங்கள். அமைச்சர் மாறினால் அதே கேள்வியைப் புது ஆளிடம் மறுபடி கேளுங்கள்.

இன்னொரு மாற்றம் வரத்தான் போகிறது. அன்றைக்கு தேத்தண்ணிக் கடையில் யாராவது "நம்மாளு இருக்காங்களா?" என்று கேட்டால், திருப்பி ஒன்று கேளுங்கள்: "போனவர் என்ன பாக்கி வெச்சிட்டுப் போனார்?"