பிரெட் துரையின் கோட்டையும் நம் அலட்சியமும்

ஓசூரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குளிர்ந்த ஊர், 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் பெற்றது என்பது ஒன்று. சிப்காட் வந்தது, ஊர் வளர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு கட்டடம் இடிந்து கிடக்கிறது. 1850களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த பிரெட் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் பகுதியிலுள்ள கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாகக் கொண்டு ஓசூரில் எழுப்பிய மாளிகை அது. கெனில்வொர்த் கோட்டை என்றும் பிரெட் கோட்டை என்றும் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பவை பெயரும் இடிபாடும்தான்.

இந்த இடிபாட்டின் மீது நமக்கு அக்கறை வேண்டுமா என்று கேட்டால் முதலில் வரும் பதில், "வெள்ளைக்காரன் வீடு, போனால் போகட்டும்" என்பது. அடிமைச் சின்னத்தைக் காப்பதுதான் தமிழனின் வேலையா என்று சினந்து கேட்கும் நண்பர்களை நாங்கள் அறிவோம். அவர்களுக்கு எங்கள் மறுகேள்வி ஒன்றுதான்: அந்தக் கோட்டையில் வெள்ளைக்காரருடையது எது? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு வழி வகுத்தது இந்தச் சீமையில்தான். மாவட்ட ஆட்சியரின் அதிகாரம், சம்பளம், செல்வாக்கு அனைத்தும் அந்த நிலவரியின் மேல் நின்றன. சுவரை எழுப்பியவை இவ்வூர்க் கொத்தர்களின் கைகள். வரைபடத்தின் கற்பனையைத் தவிர வேறெதுவும் கப்பலில் வரவில்லை. உழவன் கட்டிய வரி எங்கே போயிற்று என்பதற்குக் கண்ணால் பார்த்துத் தொட்டறியக்கூடிய சான்று அந்தச் சுவர். அடிமைத்தனத்தை வெறுப்பவர்தாம் அதை முதலில் காப்பாற்ற வேண்டும். குற்றம் நடந்த இடத்தை இடித்துத் தள்ளுவதால் இலாபம் அடைபவர் யார் என்று அந்த நண்பர்கள் யோசித்தது உண்டா?

இரண்டாவது பதில், காதல் கதை. மனைவிக்காக ஆசை ஆசையாய்க் கட்டினாராம், அவள் வந்து வாழவில்லையாம், துரை மனமுடைந்தாராம். தாஜ்மகாலுக்குத் தங்கை முறை கொண்டாடும் இக்கதையை ஒருவர் எழுத மற்றவர் படியெடுக்கிறார். எங்களுக்கு இதில் ஆர்வமூட்டுவது வேறொன்று. வால்டர் ஸ்காட்டின் 'கெனில்வொர்த்' நாவல் 1821இல் வெளியானது. அதன் மையத்தில் இருப்பவள் எமி ராப்சார்ட், லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் மனைவி. கணவனின் மாளிகையில் தனக்குரிய இடம் கிடைக்காமல் அழிந்துபோகிறவள். (வரலாற்றில் அவள் 1560இலேயே இறந்துவிட்டாள். 1575இல் எலிசபெத் ராணி கெனில்வொர்த்தில் பத்தொன்பது நாள் தங்கிய விருந்தின்போது அவளை உயிரோடு உலவவிட்டது ஸ்காட்டின் துணிச்சல். நாவலாசிரியர்களுக்கு இவ்வளவு சலுகை உண்டு.) மனைவி வாழாத கோட்டை என்னும் சோகம் அந்தப் பெயரோடேயே ஒட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்திருக்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வாசகர்களிடையே கெனில்வொர்த்துக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது ஸ்காட்டின் எழுத்து. ஆகவே ஓசூரில் இடிந்து கிடப்பது, ஒரு நாவலின் பெயர் நிழலில் எழுந்த வீடு. இலக்கியம் பேசுகிற நாம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் வேறு யார் கண்டுகொள்வார்கள்?

மூன்றாவது பதில்தான் கனமானது. கட்டடக்கலை படித்தவர்களே சொல்வது. "அது அசல் அல்ல, நகல். நகலுக்கு என்ன மதிப்பு?"

இங்கே சற்று நிற்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஃப்ரி டி கிளின்டன் தொடங்கிய அசல் கெனில்வொர்த், உள்நாட்டுப் போருக்குப்பின் 1649இல் நாடாளுமன்றத்தாரால் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டது. பிரெட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கூரையிழந்து, கொடி படர்ந்த பாழ். அதாவது, ஓசூரில் ஒருவர் பகர்த்தெடுத்தது வாழும் மாளிகையை அன்று, ஓர் இடிபாட்டை. இடிபாட்டைப் பார்த்து முழு வீட்டைக் கற்பனை செய்து எழுப்புவதுதான் மறுமலர்ச்சிப் பாணி என்பதன் உயிர்நாடி. ஹொரேஸ் வால்போல் 1749 முதல் ஸ்ட்ராபெரி ஹில்லில் செய்தது அதுதான். 1834இல் தீக்கிரையான வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைப் பாரியும் பியூஜினும் கோதிக் பாணியில் மீட்டபோது செய்ததும் அதுவே. நீராவி எந்திரங்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் கொத்தளமும் கூர்வளைவும் தேடிப் போன மனம் அது. அந்த மனம் கடல் கடந்து, ஏறத்தாழ 3,000 அடி உயரத்து மேட்டுநிலத்தில், ராகியும் கொள்ளும் விளையும் காட்டுக்கு நடுவே தன் ஊரை ஏங்கி எழுப்பிய வடிவத்தை வேறெங்கே போய்ப் படிப்பது? சென்னையில் சிஷோம் இந்தோ-சாரசனிக் பாணியில் செனட் மண்டபத்தை எழுப்பியது 1870களில். அங்கே ஆட்சியாளர் நம் வடிவங்களைத் தம்முடையவை ஆக்க முயன்றார். அதற்கும் முந்திய ஓசூரில் ஆட்சியாளர் நம்மைப் பார்க்கவே மறுத்து வார்விக்‌ஷயரைக் கனவு கண்டார். இவ்விரு மனநிலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் தமிழகக் கட்டடக்கலை வரலாற்றின் ஓர் அத்தியாயம். அதன் முதல் பக்கத்தைத்தான் நாம் கிழியவிடுகிறோம்.

நகல் என்று இகழ்பவர்கள் ஓசூரைச் சுற்றி எழும் மனைப்பிரிவுகளை ஒருமுறை பார்த்து வரட்டும். கிரேக்கத் தூண், ரோம வளைவு, ஆங்கிலப் பெயர்ப்பலகை. சிமெண்டில் வார்த்த கொரிந்தியத் தலைப்பின்கீழ் சம்பங்கி மாலையும் எலுமிச்சம்பழமும் தொங்குகின்றன. நாங்கள் கேலி செய்யவில்லை. பிரெட் செய்ததைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம். வேறுபாடு, அவருக்குத் தாம் ஏங்குவது எதற்கென்று தெரிந்திருந்தது.

நாற்பது கிலோமீட்டர் வடக்கே பெங்களூர் அரண்மனை நிற்கிறது. அதுவும் டியூடர் பாணி மறுமலர்ச்சிக் கட்டடந்தான். அந்த வளாகத்தைக் கையகப்படுத்தக் கர்நாடகம் 1996இல் தனிச்சட்டமே இயற்றியது. வழக்குகள் பல்லாண்டுகள் நடந்தன. நோக்கம் நிலத்தின் விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருட்படுத்தியாவது சண்டையிட்டார்கள். ஓசூரின் கெனில்வொர்த்துக்காக அப்படிச் சண்டையிட ஆளில்லை. எல்லைப் பகுதியின் விதி அது. தமிழ் பேசும் ஆர்வலருக்குச் சோழர் கோயில் வேண்டும், கன்னட ஆர்வலருக்கு ஹொய்சளர் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இந்த ஊரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு எவர் கணக்கிலும் வராது.

மாவட்டத்தில் தொன்மைக்கு மதிப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,200 ஆண்டு என 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது அனைவரும் மகிழ்ந்தோம். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளைப் பார்க்கத் தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் இராஜாஜி பிறந்த எளிய வீட்டை அரசே நினைவில்லமாகப் பேணுகிறது. மிகச் சரி. ஆனால் அந்தச் சிறுவனின் காலத்து ஓசூரை ஆண்டவர்கள் எத்தகைய சுவர்களுக்குள் இருந்து ஆண்டார்கள் என்று காட்டும் சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் மாணவனுக்குப் பாடநூல் சொல்லாதது விளங்கும்.

எங்கள் கவலைக்குக் காரணம் உண்டு. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமானநிலையம் அமையும் என 2024 ஜூனில் முதலமைச்சர் அறிவித்தார். இனி இங்கே ஒரு சென்ட் நிலமும் சும்மா கிடக்காது. மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டத்தைத் தமிழகம் இயற்றியது 2012இல். இத்தகைய கட்டடங்களுக்காகத்தான் அது என்றால், ஓசூரிலிருந்து தொடங்கலாமே.

கோட்டையைத் திரும்பக் கட்டித்தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வண்ணம் பூசி, விளக்குப் போட்டு, செல்ஃபி மேடையாக்கும் 'புனரமைப்பு' நடப்பதற்கு இடிபாடே மேல். எஞ்சிய சுவர்களை அளந்து வரையட்டும். அதற்குக் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் ஒரு விடுமுறைக்காலம் வந்து தங்கினால் போதும். சேலம் மாவட்ட வருவாய்த்துறைக் கடிதங்களில் இந்தக் கட்டடம் பற்றி உள்ளவற்றைத் தேடித் தொகுக்கட்டும். லெஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டை அதற்குத் துணையாகக் கொள்ளலாம். சுற்றிலும் வேலி, வாசலில் மூன்று மொழியில் ஒரு பலகை. பலகையில் காதல் கதை வேண்டாம். கட்டியவர் பெயரோடு, அந்நாளில் இந்தத் தாலுகா செலுத்திய நிலவரியின் தொகையையும் எழுதி வையுங்கள்.