ஹெட்போனைக் கழற்றிப்போட்டு வாசியுங்கள்

போன சனிக்கிழமை சித்தியின் மகனோடு அம்ப் பார்க்கப் போனேன். அவனுக்கு 15 வயது. யாரோ கொடுத்த பழைய எலெக்ட்ரிக் கிற்றாரை இரண்டு வருடமாகப் போனில் செருகி, காதுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருக்கிறான். ஆர்ச்வேயில் ரியூப் ஏறினால் நோர்தன் லைனில் நேரே டொட்டன்ஹாம் கோர்ட் ரோட். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் டென்மார்க் ஸ்ட்ரீட். முந்தின அளவுக்குக் கடைகள் இல்லை, என்றாலும் கிற்றார் தொங்குகிற கண்ணாடிகள் இன்னும் இருக்கின்றன.

சித்தி வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டா. "என்னத்தையும் வாங்குங்கோ. ஆனா ஹெட்போன் போடுற ஓட்டை இருக்க வேணும். பக்கத்து வீட்டுச் சனம் வந்து கதவைத் தட்டினா எனக்கு வெக்கம்."

எங்கள் வீடுகளில் வளர்ந்த எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். எனக்கும் 14 வயதில் இதே நிபந்தனையோடுதான் முதல் அம்ப் வந்தது. சித்தியில் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த நிபந்தனை பிழை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எலெக்ட்ரிக் கிற்றார் தனியாக ஒரு முழு வாத்தியம் இல்லை. வீணைக்குக் குடம் இருக்கிறது, வயலினுக்குக் கூடு இருக்கிறது. எலெக்ட்ரிக் கிற்றாருக்கு இருப்பது பலகைதான். அதன் குடம் அம்ப்பும் ஸ்பீக்கரும், அது நிற்கிற அறையும். ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் திரும்பவும் தந்தியில் பட்டு, தந்தியை ஆட்டி, சுரத்தை நீட்டும். ஹெட்போனில் இது நடக்கவே நடக்காது. அதனால் ஹெட்போனில் மட்டும் பழகினவர்கள் பாதி வாத்தியம்தான் பழகியிருக்கிறார்கள்.

ஆர்ச்வே ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 134 பஸ் ஆர்ச்வே ரோட்டில் முருகன் கோயிலைத் தாண்டி மஸ்வெல் ஹில்லுக்குப் போகும் அல்லவா? அங்கே வளர்ந்த அண்ணன் தம்பிதான் கிங்ஸ் இசைக்குழுவின் ரே டேவிஸும் டேவ் டேவிஸும். தம்பி டேவிடம் எல்பிகோ என்று ஒரு சின்னப் பச்சை அம்ப் இருந்தது. அதன் சத்தம் பிடிக்காமல் ஸ்பீக்கரின் கடதாசியை சவர பிளேடால் கிழித்துவிட்டார். கிழிந்த கடதாசி அதிர்ந்து கரகரத்தது. 1964இல் 'யூ ரியலி காட் மீ' பாட்டில் கேட்பது அந்தக் கரகரப்புத்தான். பாட்டு பிரித்தானியாவில் முதலாம் இடத்துக்குப் போனது. கோயிலில் இருந்து சில பஸ் தரிப்பு தூரத்தில், ஒரு வீட்டுப் பெடியன் சாமானை உடைத்துக் கண்டுபிடித்த சத்தம். (சித்தியிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. சொன்னால் பிளேடை ஒளித்து வைப்பா.)

கடைக்கு வருவோம். சனிக்கிழமை கிற்றார் கடைக்குள் போனவர்களுக்குத் தெரியும், எல்லாரும் அதே ஐந்தாறு றிஃப்தான் வாசிப்பார்கள். எங்களுக்கு முதல் வாசித்த பெடியன் எல்லாவற்றையும் பத்தில் வைத்து வாசித்தான், கெட்டிக்காரன். என்னுடைய ஆள் அடுத்ததாகப் போய், வொல்யூமை ஒன்றில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அதே றிஃபை அரைகுறையாக வாசித்தான். அவனுக்கு அது வராது. அவனுக்கு நன்றாக வருவது சித்தப்பாவின் காரில் ஓடுகிற இளையராஜாவின் பின்னணி இசைத் துண்டு ஒன்று.

"நீ வீட்டில வாசிக்கிறதை வாசியேன்" என்றேன்.

"இஞ்சையா? உங்களுக்கு என்ன விசரா?"

நான் அதே வயதில் அப்படியே நின்றவன். அம்ப் சோதிக்கப் போன இடத்தில் எங்களை யாரோ சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்போம். அந்த றிஃப் தெரியாவிட்டால் எங்களுக்கு அங்கே இடமில்லை என்ற மாதிரி. கடைக்காரருக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அந்த றிஃபை அன்று நாற்பதாவது தரம் கேட்கிற மனிசன் அவர்.

இதில் வெட்கத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், எங்கள் சங்கீதம் அம்ப்பைச் சோதிக்க நல்ல கருவி. ஒரு சுரத்தைப் பிடித்துத் தந்தியை இழுத்து கமகம் மாதிரி ஆட்டிப் பாருங்கள். நல்ல அம்ப் என்றால் விரலின் ஒவ்வொரு அசைவும் கேட்கும், மெல்ல மீட்டினால் மெல்லவும் அழுத்தினால் சினந்தும் பதில் சொல்லும். கெயினைக் கூட்டக் கூட்ட எல்லாம் ஒரே மட்டமாக அழுத்துப்பட்டு, கமகம் காணாமல் போய்விடும். எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பார்த்தால் அந்த அம்ப்பின் குணம் பிடிபடும்.

பிறகு சாவையும் பாவையும் சேர்த்து மீட்டுங்கள், தம்புராவில் கேட்கிற அதே சோடி. கரகரக்கிற அம்ப் இரண்டு சுரங்களைக் கேட்டால் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் தானாக உண்டாக்கும். சாவும் பாவும் 2:3. கழித்தால் 1, அதாவது கீழ் ஸ்தாயி சா. அதனால்தான் அது மலை மாதிரி ஒலிக்கிறது. ரொக் ஆட்கள் இதற்குப் 'பவர் கோர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாவோடு காவைச் சேர்த்தால் அவ்வளவு சுத்தமாக வராது, கிற்றாரின் கட்டைகளில் அந்தக் கா கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் உண்டாகிற சுரங்கள் ஒன்றோடொன்று உரசும்.

எங்கள் சங்கீதத்துக்கு அம்ப் அந்நியம் என்பவர்களுக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் போதும். சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், நாலு சோடி. சுரம் உடனே செத்துவிடும், கமகத்துக்கு நேரமே இல்லை. அவர் சோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை எடுத்து, எலெக்ட்ரிக் ஆக்கினார். நீண்டு நிற்கிற சுரம் கிடைத்த பிறகு கர்நாடக சங்கீதம் முழுவதும் அதில் வந்தது. சபாக்களில் முதலில் முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். 2014இல் 45 வயதில் அவர் இறந்தபோது அப்படி யாரும் கதைக்கவில்லை.

வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மச்சான் 100 வாட்ஸ் தலையொன்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 5 வாட்ஸ் வால்வ் அம்ப் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை, ஆர்ச்வேயின் ஒட்டு வீடுகளில் அதுவே கூட. 1962இல் ஹான்வெல் கடையில் ஜிம் மார்ஷலின் ஆட்கள் ஃபெண்டர் பாஸ்மானைப் பார்த்து முதல் மார்ஷலைக் கட்டியது மேடைக்கு. உங்கள் படுக்கையறை மேடை இல்லை.

கடைசியில் அவன் அந்த இளையராஜாத் துண்டை வாசித்தான். வொல்யூம் நாலு. கடைக்காரர் வந்து ஒன்றும் சொல்லாமல் 'மிடில்' குமிழை மட்டும் கூட்டிவிட்டுப் போனார். சரியான வேலை. தனியாக வாசிக்கும்போது மிடிலைக் குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் மற்றவர்களோடு சேர்ந்தால் கிற்றார் எங்கே என்று தேட வேண்டிவரும்.

நான் அப்படித் தொலைந்தவன். நாலு வருடம் ஹெட்போனில் வாசித்துவிட்டு, தமிழ்ப் பள்ளி விழாவில் முதல்முறையாக அறைக்குள் சத்தமாக வாசித்தேன். அம்ப் கூவத் தொடங்கியது, நிறுத்தத் தெரியவில்லை. விரல் தந்தியில் உரசுகிற சத்தமெல்லாம் கேட்டது. அதைவிட மோசம், வீட்டுக்கு வந்து அம்மா கேட்ட கேள்வி: "நீ இவ்வளவு நாளும் இதுதானோ வாசிச்சனி?" நாலு வருடம், ஒரே வீடு, அவவுக்கு என்ன பாட்டு என்றே தெரியாது.

சத்தம் என்றால் எங்களுக்குப் பயம் என்றும் சொல்ல முடியாது. கோயிலில் தவிலும் நாதஸ்வரமும் ஒரு மைக்கும் இல்லாமல் சுவரை அதிர வைக்கும். தாலி கட்டும்போது வேறு எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? பயம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைப் பற்றியது. வந்த நாட்டில் வாடகை அறையில் வாழ்க்கையைத் தொடங்கினவர்கள் அந்தப் பயத்தோடு வாழ்ந்ததை விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் யார், அவருக்கு எந்த நேரம் வசதி என்று ஒருநாளும் கேட்காமல் பயப்படுகிறோம். 1996ஆம் ஆண்டின் சத்தச் சட்டம் இரவு 11 முதல் காலை 7 வரைக்கானது. அதற்காகப் பகலில் என்னவும் செய்யலாம் என்றில்லை, தொடர்ந்து தொல்லை கொடுத்தால் கவுன்சில் பகலிலும் தலையிடும். ஆனால் பின்னேரம் ஒரு மணித்தியாலம், சொல்லிவிட்டு வாசிப்பது தொல்லை இல்லை.

பாவித்த 5 வாட்ஸ் ஒன்றை வாங்கினோம். ஹெட்போன் ஓட்டையும் இருக்கிறது, இரவுக்கு. சித்தி இன்னும் முழுதாக இறங்கவில்லை. "அப்ப நீங்களே போய்க் கேளுங்கோ" என்றிருக்கிறா. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது, சித்தி அங்கே 11 வருடமாக இருக்கிறா. நாளைக்கு ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு நானும் அவனும் போய்க் கதவைத் தட்டப்போகிறோம்.