193.42-ஆ, 193.215-ஆ? இணையக் கலைக்களஞ்சியங்களில் எதை, எதற்கு நம்பலாம்?

மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரத்தை உலுக்கிய டங்ஸ்டன் சுரங்க விவகாரம் நினைவிருக்கிறதா? 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தது, டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வாதத்தின் மையமாக இருந்தது பரப்பளவு. ஏலம் விட்ட சுமார் 2,015 ஹெக்டேரில் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் எவ்வளவு?

தேடினால் இரண்டு விடை வரும். பல செய்திகளில் 193.42 ஹெக்டேர். அரசு விளக்கத்தில் 193.215. ஊருக்காக மனு எழுதுபவருக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் இது சின்ன விஷயமில்லை.

எது சரின்னு எப்படிப் பார்ப்பது?

கலைக்களஞ்சியம் வழிகாட்டிப் பலகை மாதிரி. அது சொல்வதோடு நிற்காமல், காட்டும் திசையில் போக வேண்டும். 2022 அறிவிப்பில் அரிட்டாபட்டி 139.63 ஹெக்டேர், மீனாட்சிபுரம் 53.58 ஹெக்டேர் என்று தனித்தனியாக இருக்கிறது. கூட்டினால் 193.21. விடை கிடைச்சாச்சு.

எதில் என்ன கிடைக்கும்?

தமிழ் விக்கிப்பீடியா: 2003-ல் தொடங்கியது. ஊர், ஒன்றியம், அண்மை நிகழ்வு என்றால் முதலில் இதைத் திறக்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே பலம், அதுவே பலவீனம். மேற்கோள் இல்லாத வரியை அப்படியே எடுக்காதீர்கள். ‘வரலாறு’ பகுதியில் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். ‘உரையாடல்’ பக்கத்தில் சர்ச்சை தெரியும்.

கலைக்களஞ்சியம்: பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட 10 தொகுதிகள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசம். அறிஞர்கள் எழுதியது, கலைச்சொற்களுக்கு அருமை. ஆனால் மதுரை மாவட்டத்தின் இன்றைய எல்லையை இதில் தேடக் கூடாது. திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985-ல்தான்.

தமிழ் விக்கி: எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுப்பில் 2022-ல் வந்தது. ஆசிரியர் குழு பார்த்து வெளியிடுகிறது. இலக்கியம், பண்பாடு, ஆளுமைகள் பற்றித் தேட ஏற்றது.

பிரிட்டானிக்கா: 2012-ல் அச்சுப் பதிப்பை நிறுத்தி முழுமையாக இணையத்துக்கு மாறியது. அறிவியலுக்கும் உலக வரலாற்றுக்கும் நல்லது. கருங்காலக்குடி போன்ற ஊர்களின் விவரத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

விக்கிப்பீடியான்னா தப்புதானா?

அப்படியில்லை. 2005-ல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டது. சராசரியாக ஒரு கட்டுரைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. அந்த ஒப்பீட்டு முறையையே பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. எப்படியானாலும் பிழையே இல்லாத களஞ்சியம் எதுவும் இல்லை. அந்த ஒப்பீடு ஆங்கிலத்துக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. சிறிய மொழிகளில் திருத்துபவர்கள் குறைவு, அதனால் ஒரு பிழை நீண்ட நாள் தங்கிவிடலாம்.

போனிலேயே செய்ய வேண்டிய 4 சோதனைகள்

1. ஊர்ப் பெயரைத் தமிழிலேயே தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கொட்டாம்பட்டியும் கோட்டாம்பட்டியும் ஒன்றாகிவிடும். மாவட்டப் பெயரையும் சேருங்கள்.

2. எண் எந்த ஆண்டுக்கானது? மக்கள்தொகை என்றால் பெரும்பாலும் 2011 கணக்கெடுப்பாகத்தான் இருக்கும்.

3. அடிக்குறிப்பைத் தொட்டுப் பாருங்கள். இணைப்பு திறக்கிறதா, அந்தத் தகவல் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா?

4. இரண்டு தளங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது இரண்டு சான்று அல்ல. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருக்கலாம். ஏஐ செயலிகள் தரும் பதிலுக்கும் இதே கதைதான்.

கடைசியாக, ஆய்வறிக்கையிலோ மனுவிலோ கலைக்களஞ்சியத்தைச் சான்றாகப் போடாதீர்கள். அது காட்டிய அரசாணையையோ நூலையோ போடுங்கள். தவறு கண்ணில் பட்டால் விக்கிப்பீடியாவில் ‘தொகு’ பொத்தான் இருக்கிறது. மேற்கோளோடு திருத்திவிட்டால், அடுத்துத் தேடுபவருக்குச் சரியான எண் கிடைக்கும்.