‘ஆங்கிலத்தில் எழுதுங்கள்’ என்பது தீர்வன்று

‘ஸ்ரீவராகம்’ என்று முகவரியைத் தமிழில் இட்டால் இணையப் படிவம் சேமிக்க மறுக்கிறது. உதவி மையம் சொல்வது: ‘ஆங்கிலத்தில் எழுதுங்கள்.’ எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. பலரும் கேட்டுப் பழகிய பதில்தான்.

தமிழ் எழுத்து ‘சிக்கலானது’ என்போர் சற்று எண்ணிப் பார்க்கட்டும். யூனிகோடில் ஸ்ரீவராகம் 10 குறியீடுகள். ரோமன் எழுத்திலும் 10 தான். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் ரோமன் எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீட்டுக்கு 3. ஆக 30 பைட். ஆரக்கிளில் புலத்தின் அளவை வெறுமனே 20 என்று எழுதினால், இயல்பாக அது 20 பைட் என்றே பொருள்படும். இன்செர்ட் கட்டளை தோற்காமல் என்ன செய்யும்? ‘20 சார்’ என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பிருப்புக் குறியாக்கம் லத்தீன்1. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. கண்டிப்பு முறை இயங்கினால் 1366 என்னும் பிழை வரும். அதை அணைத்திருந்தால் பெயர் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். முன்னதே மேல், அழிவாவது தெரிகிறது. 2018இல் வந்த 8.0 பதிப்பு இயல்பிருப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கியது. பழைய அட்டவணைகள் தாமாக மாறா.

இவற்றினும் நகைப்புக்குரியது ‘எழுத்துகள் மட்டும்’ என்னும் சரிபார்ப்பு. யூனிகோடின் வகைப்பாட்டில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்தல்ல, வெறும் ‘குறி’. மெய்க்குப் புள்ளியைத் தொல்காப்பியமே விதித்திருக்க, ‘கண்ணன்’ என்னும் பெயர் தரவுத்தளத்தை எட்டுமுன்னரே தடுக்கப்படுகிறது. குறி வகையையும் ஏற்குமாறு அவ்விதியில் ஓர் உறுப்பைச் சேர்க்க ஆய்வுப் பட்டம் எதுவும் வேண்டா.