தேறாதவர் யார்?

தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று நாடெங்கும் எண்களின் ஊர்வலம் நடக்கிறது. எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடையிடம், மாணவியர் தேர்ச்சி எத்தனை விழுக்காடு, மாணவர் தேர்ச்சி எத்தனை விழுக்காடு, நூற்றுக்கு நூறு வாங்கியோர் எத்தனை பேர் என்று ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இத்தனை எண்களுக்கிடையே ஒரு செய்தியை மட்டும் காணோம். பத்தாண்டுக் காலம் பள்ளியிலே அமர்ந்திருந்த பிள்ளை எதைக் கற்றான், எதைக் கற்கவில்லை, கற்காமற் போனது எதனால் என்பதே அந்தச் செய்தி.

நூற்றுக்கு 35 வாங்கியவன் தேறியவன். 34 வாங்கியவன் தேறாதவன். இடையிலே நிற்பது ஒரே ஒரு மதிப்பெண். அந்த ஒன்று ஒருவனை மேல்வகுப்புக்கு அனுப்புகிறது. மற்றவனைப் பட்டறைக்கும் பனியன் ஆலைக்கும் அனுப்புகிறது. 34 வாங்கியவனுக்கு விளங்காமற் போனது பின்னமா, இயற்கணிதமா, வினாவைப் படித்துப் பொருள்கொள்ளும் மொழியறிவா? மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்வதில்லை. விடைத்தாள் அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரிடம் திரும்புவதுமில்லை. விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டி நகல் பெறலாம். ஆனால் அது மதிப்பெண்ணுக்காக வாதாடத்தான் பயன்படும், கற்பதற்குப் பயன்படுவதில்லை. காய்ச்சல் என்று வந்தவனுக்கு, "நீ நோயாளி" என்று முத்திரை குத்தி அனுப்பும் மருத்துவமனையை எங்கேனும் கண்டதுண்டா? பள்ளியிலே அதைத்தான் காண்கிறோம். கண்டும் அதற்குத் தேர்வு என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

எண் பொய் சொல்லாது என்பார்கள். எண் சொல்லாதிருக்கலாம்; எண்ணைப் போடுகிற கை தடுமாறாதா? 1913-ல் அமெரிக்காவிலே ஸ்டார்ச், எலியட் என்ற இரு அறிஞர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் சொன்னார்கள். ஒருவர் 28 போட்டார். இன்னொருவர் 92 போட்டார். கருத்துக்கு இடமுள்ள கட்டுரையன்று அது; கணக்கு! 1935-ல் இங்கிலாந்திலே ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். வரலாற்று விடைத்தாள்கள் பதினைந்தைப் பதினான்கு தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே தேர்வாளர்களிடமே மறுபடி தந்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றிலே 92 மாறிப்போயின. தாமே தந்த தீர்ப்பைத் தாமே மாற்றினார்கள்! அவர்கள் கைகள் கறைபடிந்தவையல்ல. கையிலிருந்த அளவுகோல்தான் அப்படிப்பட்டது. இன்று விடைக்குறிப்பும் வழிகாட்டுதலும் வந்து தடுமாற்றத்தைக் குறைத்திருக்கின்றன, அடியோடு அகற்றிவிடவில்லை. அந்தக் கோலைக்கொண்டுதான் ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் ஒரு வாழ்வின் திசையை அறுதியிடுகிறோம்.

அளவுகோலைச் சாட்டையாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது. 1862-ல் இங்கிலாந்திலே ராபர்ட் லோ என்பவரின் முயற்சியால் ஒரு சட்டதிட்டம் வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். படிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையையும் சோதிப்பார். குழந்தை ஒன்றிலே தவறினால் பள்ளிக்குரிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு! விளைவு? பிள்ளைகள் வாசக நூலை மனப்பாடம் செய்தார்கள். பொருள் விளங்காமலே ஒப்பித்தார்கள். மானியம் தராத பாடங்கள் மெல்ல மெல்ல மறைந்தன. பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டே இந்த முறையை வன்மையாகக் கண்டித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அது கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் கப்பலேறி மதராஸ் மாகாணத்துக்கும் வந்து, இங்கும் விளைவைப் பார்த்து மானியம் தரும் முறையாக வேரூன்றிவிட்டது. இன்று மானியத்தின் இடத்திலே விளம்பரம் வந்திருக்கிறது. நூறு விழுக்காடு என்ற பலகைக்காக, பின்தங்கிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிடும் பள்ளிகளை நாம் அறிவோம். ஷில்லிங் போயிற்று, சூழ்ச்சி போகவில்லை!

அப்படியானால் மதிப்பீடே வேண்டாமா? வேண்டும். விதைத்தவன் வயலைப் பாராமல் இருப்பானா? நாற்று வாடினால் நீர் பாய்ச்சவும், பூச்சி விழுந்தால் மருந்திடவும் அவன் நாள்தோறும் வரப்பிலே நடக்கிறான். அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் மரக்கால் கொண்டு அளப்பது வேறு வேலை. முன்னது பயிரை வளர்க்கிறது. பின்னது விளைந்ததைச் சொல்கிறது. மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் 1967-லேயே இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பெயர் தந்தார். வளர்ப்பதற்கான மதிப்பீடு, முடிவிலே தொகுக்கும் மதிப்பீடு என்று நாம் அவற்றைச் சொல்லலாம். 1998-ல் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இருவர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். பிழை எங்கே, அதைத் திருத்தும் வழி என்ன என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும் மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது என்றும், பின்தங்கியவர்களே அதனால் மிகுதியும் பயன்பெறுகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாததல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலே 2012-13-ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு அது வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பங்கிட்டார்கள். நோக்கம் நன்று. நடந்தது என்ன? பிள்ளையின் பிழையைக் கண்டறிய வேண்டிய ஆசிரியர் பதிவேடுகளை நிரப்பும் எழுத்தர் ஆனார். செயல்திட்டம் என்ற பெயரிலே வண்ண அட்டைகள் கடையில் வாங்கி ஒட்டப்பட்டன. நாற்பது மதிப்பெண்ணும் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. நிறுத்தாதே என்ற சட்டத்தின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டோம். கற்றுக்கொடு என்ற மறுபாதியைக் கைநழுவ விட்டோம்.

அந்தக் குறையைச் சுட்டிக்காட்டித்தான் 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு. தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது, எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தைக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை என்றால், ஐந்தாண்டுகளாக அதை அறியாதிருந்தது யார்? குழந்தையா, கூடமா? கற்பிக்கத் தவறியவர்கள் மேலே போக, கற்பிக்கப்படாதவன் கீழே நிற்க வேண்டுமாம்! இது எந்த ஊர் நீதி?

தேர்வைக் கூட்டினால் கற்பித்தல் தானே கூடும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளானதே. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தனியார் பள்ளிகள் பல நடத்தாமலே தாண்டுகின்றன என்று சொல்லி, 2017-18-ல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மூன்றாண்டுகளில் மூன்று பொதுத்தேர்வு என்ற சுமை பிள்ளைகளின் தலையில் ஏறியது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. பாடம் நடத்தாத பள்ளியைத் தட்டிக் கேட்பதற்குப் பதிலாகப் பதினாறு வயதுப் பிள்ளையைத் தட்டிக் கேட்டோம் என்பதே அதன் சுருக்கம்.

பெருந்தொற்று வந்த ஆண்டுகளில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு நின்றது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள். 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் பாதியை எடுத்துச் சேர்த்தார்கள். பன்னிரண்டாண்டு பள்ளியிலே இருந்த பிள்ளையைப் பற்றி, பழைய எழுத்துத் தேர்வைத் தவிரச் சொல்வதற்குப் பள்ளியிடம் அதிகம் எதுவுமில்லை!

தோழர்களே, இங்கே ஒரு வாதம் எழும். எளிதிலே ஒதுக்கத்தக்க வாதமன்று. "பொதுத்தேர்வில் விடைத்தாளின்மேல் பெயரில்லை, ஊரில்லை, சாதியில்லை, திருத்துபவர்க்குப் பிள்ளை யாரென்று தெரியாது. ஆசிரியர் கையிலேயே மதிப்பெண்ணை விட்டுவிட்டால், சேரியிலிருந்து வந்தவனும் கைநாட்டு வைப்பவரின் மகளும் யாரை நம்புவது?" என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டப்பட்ட பிள்ளைகளின் கதைகள் இல்லாத ஊர் ஏது? முகமறியாத் தேர்வு ஒடுக்கப்பட்டவர்க்கு ஒரு கேடயமாக நின்றதை மறுப்பவன் வரலாறு அறியாதவன்.

ஆகவேதான் சொல்கிறோம்: இரண்டு வேலைகளையும் ஒரே கருவியிடம் ஒப்படைக்காதீர். பள்ளிப்படிப்பின் முடிவிலே சான்று வழங்க முகமறியாத பொதுத்தேர்வு இருக்கட்டும். அதன் வினாக்கள் மனப்பாடத்தைச் சோதிக்காமல் அறிவைச் சோதிக்கட்டும். வகுப்பறை மதிப்பீடோ கற்பிப்பதற்கே உரியதாகட்டும். அதிலே மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம், மிரட்டலுக்கு இடமே வேண்டாம். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து பிரித்து, அந்தந்த நிலையிலிருந்து கற்பிக்க முற்பட்டது. திசை சரியானது. ஆனால் நிலையறிவது ஏற்றிவிடுவதற்காகவே இருக்க வேண்டும். ஆண்டு முழுதும் அரும்பாகவே வைத்திருந்தால் அது புதுப்பெயர் பூண்ட பழைய கடைசி பெஞ்சு! ஆசிரியரின் நேரத்தைப் பதிவேற்றும் வேலையே விழுங்கினால் அத்திட்டமும் பழைய பதிவேட்டின் வழியிலேதான் போகும். போதிய ஆசிரியர், அளவான வகுப்பு, பிழை திருத்த நேரம் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த மதிப்பீட்டு முறையும் வெறும் காகிதமே.

இதிலே நமக்கென்ன வேலை என்று எந்தத் தோழரும் கருதவேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு இடம் பெற்றோருடையது. குழுவில் பாதி பெண்களுடையது. அந்த நாற்காலிகள் நம்முடையவை. அங்கே சென்று அமருங்கள். "என் பிள்ளை எத்தனையாவது?" என்று கேளாதீர். "நம் பள்ளியில் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்தீர்கள்? அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறீர்கள்? அதற்கு அரசிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். ஆசிரியரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காகவன்று. அவரோடு சேர்ந்து அரசின் கதவைத் தட்டுவதற்காக.

பிள்ளை தேறவில்லை என்றால், பள்ளி தேறவில்லை. பள்ளி தேறவில்லை என்றால், அதை நடத்தும் அரசும் அதற்கு வாக்களித்த நாமும் தேறவில்லை. அந்த மதிப்பெண் பட்டியலில் முதலில் எழுதவேண்டியது நம் பெயர்களைத்தான். பிள்ளையின் பெயர் அதில் கடைசியாக வரட்டும்.